யசோதை பெற்ற பெண்

சங்கத்தில் என்னை எழுதித் தரச் சொன்னது நாலே வரிதான். "இனிமேல் சுற்றுலாப் பயணிகளிடம் கதை எதுவும் சொல்ல மாட்டேன். ஆண்டு, அளவு, அரசன் பெயர் மட்டுமே சொல்வேன். ஒரு மதத்தின் கதையை இன்னொரு மதத்தின் கதையோடு ஒப்பிட மாட்டேன். மீறினால் என் பெயரை முறையிலிருந்து நீக்கிவிடலாம்." கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் ரெபேக்காள் என்று என் பெயரையும் அவர்களே டைப் அடித்துவிட்டார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

முறை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே, டீக்கடைப் பக்கத்தில், எங்கள் வழிகாட்டிகள் சங்கத்துப் பலகை தொங்குகிறது. ஆளுக்கொரு தகரத் தகடு, அதில் பெயர். யார் தகடு முதல் ஆணியில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடுத்து வரும் வேன். கூட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்ததும் தகட்டைக் கடைசி ஆணியில் மாட்ட வேண்டும். அரசாங்கம் கொடுத்த அட்டை என் கழுத்தில் கிடக்கிறது, அதை இவர்கள் யாரும் பிடுங்க முடியாது. ஆனால் தகடு இல்லாத வழிகாட்டிக்கு எந்த வேன்காரனும் கதவைத் திறக்க மாட்டான். பதினோரு வருஷம் என் தகடு அந்தப் பலகையில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், ஆணி மட்டும் இருக்கிறது.

காரணம் ஒரு வீடியோ. கிருஷ்ண மண்டபத்தில் நான் பேசியதை யாரோ எடுத்து, நாற்பது விநாடிக்கு நறுக்கி வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். கிருஷ்ணர் பிறக்கும்போது கம்சன் பிள்ளைகளைக் கொன்றான், மோசே பிறக்கும்போது பார்வோன் கொன்றான், இயேசு பிறக்கும்போது ஏரோது கொன்றான் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். "எல்லாம் ஒரே கதைன்னு தோணுதா?" என்று கேட்கிறேன். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. "கிடையவே கிடையாது, கிட்டப் போய்ப் பாருங்க" என்று அடுத்த மூச்சில் சொன்னேன். அதை வெட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

ஒரே கதை என்று நான் சொல்வேனா? எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அப்பா கருப்பன் இந்து, அம்மா கிறிஸ்தவள். செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறத்தியார் நிலத்தில் நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளியவர்கள். அப்பாவுக்குப் பாரதக் கூத்து என்றால் உயிர், அம்மாவுக்கு வேதாகமம். இருந்தது ஒரே அறை. தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் போட்டி ஆரம்பித்துவிடும். "உங்க நோவாவுக்கு முந்நூறு முழத்துல கப்பல் வேண்டியிருந்துச்சு, பிரளயத்துல எங்க மனுவுக்கு ஒரே ஒரு மீனு போதும்" என்பார் அப்பா. "எங்க நோவா பல்லி பாச்சை வரைக்கும் ஜோடியா ஏத்திகினு போனாரு. உங்க மனு ஏத்திகினது யாரு? ஏழு ரிஷி! அதுல ஒரு பொம்பள உண்டா?" என்பாள் அம்மா. ஒப்பிடுவது என்றால் எங்களுக்குச் சண்டை போடுவது. சண்டை போட வேண்டுமென்றால் இரண்டு கதையும் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவிடம் மாட்டிக்கொள்வோம்.

வேலைக்கு வந்தபிறகு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பாய் வீட்டு அம்மா மோசேயைத் தாங்கள் மூஸா நபி என்று சொல்கிற கதையைச் சொன்னார். கிரேக்க நாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, ஐஸ் போட்ட இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் மறந்து, தங்கள் ஊர்ப் பழைய சாமிகள் கதையைச் சொன்னார். எனக்கு அதெல்லாம் புதையல். இதில் எந்தச் சாமிக்கு என்ன அவமானம் வந்துவிட்டது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வீடியோ வந்ததும் மோகன் கிளம்பிவிட்டார். அவருக்குச் சொந்தமாக மூன்று வேன், விவசாயக் குடும்பம், செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்களை வாராவாரம் ஏற்றிக்கொண்டு வருகிறவர். "அவ பேரு பலகையில இருந்தா என் வண்டி இங்க நிக்காது" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அப்படியென்றால் நான் ஜெபத்துக்குப் போகிற சபையிலிருந்து தமிழ்வாணன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "சிலைக்கு முன்னாடி நின்னு அவங்க கதையப் பரப்பறது உனக்கு அழகா? எழுதிக் குடுத்துட்டு வா" என்றார். ஒருத்தர் வீட்டுப் படியை ஒருத்தர் மிதிக்காதவர்கள். என் வாயை மூடுவதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்!

சங்கச் செயலாளர் ராமானுஜம் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ரெபேக்கா, எனக்கு பேஜாரா கீதும்மா. சனிக்கிழமை மோகனே ஒரு கூட்டம் இட்டுகினு வரான். அவன் முன்னாடி நீ தேதியும் அளவும் மட்டும் சொல்லிக் காட்டு. முடிஞ்சதும் இதுல கையெழுத்துப் போட்டுடு. நானே தகட்டை மாட்டறேன்" என்றார்.

சரி என்றேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், பயம்தான். என் அம்மா, பெரியம்மா, அத்தை எல்லாரும் அடுத்தவன் சேற்றில் குனிந்தே காலத்தைக் கழித்தார்கள். எங்கள் குடும்பத்துப் பெண்களில் நிமிர்ந்து நின்று, பத்துப் பேர் வாயைப் பார்க்க, பேசிச் சம்பாதிக்கிற முதல் ஆள் நான். அது போய்விடுமோ என்று நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஹேமந்த் அணுபுரத்திலிருந்து கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். "ஒரு நாளு வாய மூடிகினு இரேன், செத்தா பூடுவ?" என்றார். செத்துப்போக மாட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை பதினெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். எல்லாரும் மோகன் ஊர், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மோகன் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். ராமானுஜம் சார் அந்தத் தாளை ஒரு மஞ்சள் ஃபைலில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஏழாம் நூற்றாண்டு. பல்லவர் காலம். நீளம் தொண்ணூற்றாறு அடி, உயரம் நாற்பத்து மூன்று அடி" என்றேன்.

"இது அர்ச்சுனன் தவந்தானே மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்படியும் சொல்றாங்க, பகீரதன் தவம்னும் சொல்றாங்க. முடிவாகல."

"அந்தப் பூனை ஏன் கையத் தூக்கிகினு நிக்குது?"

"அது பூனை."

"அய்ய, பூனைன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்கள். எலிகளை ஏமாற்றத் தவம் செய்கிற அந்தக் கள்ளப் பூனையை வைத்துப் பத்து நிமிஷம் சிரிக்க வைப்பேன் நான், கல்லூரிப் பிள்ளைகள் விசிலடிப்பார்கள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு யானையின் உயரத்துக்குப் போனேன். மோகன் திருப்தியாகத் தலையாட்டினார்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். மலையைத் தூக்கிப் பிடித்த கிருஷ்ணன், பால் கறக்கிற இடையன், கன்றை நக்குகிற பசு. தூண்கள் பிற்காலத்தவை, சிற்பம் முந்தியது, அவ்வளவுதான் என்று முடிக்கப் போனேன். அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, வெயிலில் வேலை செய்த கை, காதில் ஒன்றும் இல்லை.

"நூற்றாண்டு கெடக்கட்டும் மா. எனக்கு ஒரு சந்தேகம். கிருஷ்ணனைக் கொணாந்து யசோதைகிட்ட வெச்சிட்டு, அவ பெத்த பொண்ணத் தூக்கிகினு பூட்டாங்க இல்ல? அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?"

"அக்கா, அதெல்லாம் கேக்காத. அவங்க அளவுதான் சொல்லுவாங்க" என்றார் மோகன். கூடப் பிறந்த அக்கா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அளவ வெச்சிகினு நான் இன்னாடா பண்றது? ஜாக்கெட்டா தைக்கப் போறேன்?"

பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராமானுஜம் சார் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குத் தெரியும் அக்கா என்று தொண்டை வரை வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் கிருஷ்ணனைப் பற்றி ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், அந்தப் பெண் குழந்தையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். இவளைப் பார்த்து, பசுவின் நீளம் இவ்வளவு என்று எந்த வாயால் சொல்வது?

"மேல ஒரு குகை கீது. ஏறி வாங்க, சொல்றேன்" என்றேன்.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஏறினால் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். பெண்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். உள்ளே ஒரு சுவரில் பாம்பின் மேல் பெருமாள் படுத்திருக்கிறார். எதிர்ச் சுவரில் எட்டுக் கையோடு அம்மன், சிங்கத்தின் மேல் ஏறி, வில்லை இழுத்துக்கொண்டு வருகிறாள். எருமைத் தலை அசுரன் பின்வாங்குகிறான்.

"நீங்க கேட்ட பொண்ணு இதோ" என்று அம்மனைக் காட்டினேன்.

"மெய்யாலுமா?" என்றாள் அந்த அக்கா.

அதற்குமேல் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. நானே நினைத்தாலும் முடிந்திருக்காது.

"கிரேக்க நாட்டுல ஒரு சாமி, பேரு க்ரோனோஸ். பெத்த பிள்ளையே நம்மள கவுத்துடும்னு பயந்து, பொறக்கப் பொறக்க முழுங்கிகினே வந்தான். கடைசிப் பிள்ளைய அம்மாக்காரி ஒளிச்சு வெச்சிட்டா. ஒரு கல்லைத் துணியில சுத்திக் குடுத்தா. அந்த மடையன் அதையும் முழுங்கிட்டான். இங்கயும் ஒரு ராஜா பயந்தான், இங்கயும் ஒரு பிள்ளைய ஒளிச்சு வெச்சாங்க. ஆனா பதிலுக்கு இன்னா குடுத்தாங்க பாருங்க. அங்க கல்லைக் குடுத்தாங்க. இங்க பொண்ணைக் குடுத்தாங்க."

ஒருத்தி "அடிப்பாவி" என்றாள், யாரைச் சொன்னாளோ தெரியாது.

"பார்வோன் கதையில ரெண்டு மருத்துவச்சிங்க. சிப்பிராள், பூவாள்னு பேரு. ஆம்பளப் பிள்ளை பொறந்தா கொன்னுடுங்கன்னு ராஜா ஆர்டர் போட்டான். அவங்க கொல்லல. ஏன்டி கொல்லலன்னு கூப்ட்டு கேட்டான். 'அந்தப் பொம்பளைங்களுக்கு பெலம் ஜாஸ்தி துரை, நாங்க போறதுக்குள்ளயே பெத்துடறாங்க, நாங்க இன்னா பண்றது?'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அதே ராஜாவோட பெண்டாட்டி, ஆசியாம்மான்னு பாய் வூட்ல சொல்லுவாங்க, ஆத்துல வந்த பிள்ளையத் தூக்கி வெச்சிகினு, இவனைக் கொல்லாதன்னு புருஷனையே எதுத்துப் பேசினாங்க. ஏரோது கதையில பெத்தவங்க பிள்ளையோட எகிப்துக்கு ஓடிட்டாங்க, ஊர்ல இருந்த மத்த அம்மாங்க அழுதாங்க. ஒரே கதைன்னா சொல்றீங்க? ராஜா பயம் ஒண்ணுதான். பொம்பளைங்க செஞ்சது ஒவ்வொரு ஊர்லயும் வேற."

"நம்ம பொண்ணு?" என்றாள் அந்த அக்கா.

"உங்க பொண்ணு பொறந்து ஒரு நாளு கூட ஆகல. கம்சன் காலப் புடிச்சுக் கல்லுல அடிக்க ஓங்கினான். கைய விட்டு நழுவி மேல போச்சு. எட்டுக் கையோட வானத்துல நின்னுச்சு. நின்னு அவனப் பாத்து, 'என்னக் கொன்னு உனக்கு இன்னாடா லாபம்? உன்னக் கொல்லப் போறவன் பொறந்துட்டான், தேடிகினு கெட'ன்னு சொல்லிச்சு. தப்பிச்ச மத்த பிள்ளைங்கள எல்லாம் யாரோ தூக்கிகினு ஓடினாங்க, காப்பாத்தினாங்க. இந்தப் பொண்ண யாரும் காப்பாத்தல. ராஜாவ எதுத்து நின்ன ஒரே பிள்ளை இதுதான். எதிர்ச் செவுரப் பாருங்க. அது அண்ணன், தூங்கறாரு. இது தங்கச்சி, சண்டை போடறா."

பதினெட்டுப் பெண்களும் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"போதும்!" என்று மோகன் கத்தினார். "எல்லாரும் போய் வண்டியில ஏறுங்க. சார், பாத்தீங்க இல்ல? இவ கிறிஸ்டியன். இவளுக்கு நம்ம சாமியப் பத்தி இன்னா தெரியும்? பெருமாள் தூங்கறாராம்! இதுக்குமேல ஒரு வார்த்தை பேசினா பலகையில இவ பேரு திரும்ப ஏறவே கூடாது."

ராமானுஜம் சார் ஃபைலைத் திறந்து தாளை நீட்டினார். பேனாவையும் நீட்டினார். "போட்டுடு ரெபேக்கா. ஒரே ஒரு கையெழுத்து. இத்தோட முடிஞ்சிடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா மண்டபத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம சாமின்ற. இத்தினி வருஷமா இந்தப் பொண்ணப் பத்தி எனக்கு யாருடா சொன்னீங்க? இவளுக்கு இன்னா தெரியும்னு கேக்கிறியே, எனக்கே இப்பத்தான்டா தெரியும்."

"அக்கா, மானத்த வாங்காத. எழுந்திரு."

"உங்க பேரு இன்னாக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

"வேண்டா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால் நாலாவதுக்கோ ஐந்தாவதுக்கோ வேண்டா என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெண் போதும், அடுத்தது ஆணாகக் கொடு என்று சாமிக்கு விண்ணப்பம். என் வகுப்பில்கூட ஒரு வேண்டா இருந்தாள். வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டு வருகை எடுப்பார், அவளும் உள்ளேன் ஐயா என்பாள்.

"நான் நாலாவது" என்றாள் வேண்டா அக்கா. "எனக்கு இந்தப் பேர வெச்சதும் அடுத்தது ஆம்பளையாப் பொறந்துச்சு. தோ நிக்கிறான் பாரு, வெள்ளைச் சட்டை போட்டுகினு."

கூட வந்த பெண்களில் ஒருத்திகூடப் படியிறங்கவில்லை. இரண்டு பேர் வேண்டா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் அதோடு வந்தது.

"கண்ணு, அந்தப் பொண்ணு ராஜா மூஞ்சிக்கு நேரா இன்னா சொல்லிச்சு? இன்னொருக்கா சொல்லு" என்றாள் வேண்டா அக்கா.

தாள் என் முகத்துக்கு நேரே இருந்தது. வாங்கி, இரண்டாக மடித்து, ராமானுஜம் சார் கையிலேயே கொடுத்தேன். "முடியாது சார். நீங்க நல்லவரு, ஆனா இது என்னால முடியாது." அப்புறம் திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னேன். 'என்னக் கொன்னு உனக்கு இன்னாடா லாபம்?' என்று மோகன் முகத்தைப் பார்த்தே சொன்னேன், குகை அதிர்கிற மாதிரி. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் தகடு திரும்பப் பலகையில் ஏறவில்லை. திங்கட்கிழமை என் இடத்தில் வேறொருத்தர் தகடு வந்துவிட்டது. சபையில் தமிழ்வாணன் அண்ணன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். வேன்களால் வந்த சம்பாத்தியம் போய்விட்டது, அதைப் போகவில்லை என்று நான் நடிக்கப் போவதில்லை. காலையில் எழுந்து, புடவைக்கு மடிப்பு எடுத்து, அரசாங்க அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேரே அந்தக் குகை வாசலுக்குப் போய் நிற்கிறேன். என்னை அங்கிருந்து போகச் சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. சில நாள் நாலு பேர் கேட்பார்கள், சில நாள் ஒருத்தரும் வருவதில்லை. தேதி கேட்டால் தேதியும் சொல்கிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்துக்கு, படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வருகிற சத்தம் கேட்டது. வேண்டா அக்கா. அவளுக்குப் பின்னால் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவி. அவளுக்கும் பின்னால், கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிய ஒரு சின்னப் பெண்.

"பஸ்ல வந்தோம்" என்றாள் வேண்டா அக்கா, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "அவன் வண்டி எதுக்கு நமக்கு? எங்க ஊர்ல என்னையும் சேத்து மூணு வேண்டா கீறோம். மத்த ரெண்டு பேரையும் இட்டுகினு வந்துட்டேன். மொதல்லருந்து சொல்லு."